சாவா என்றால் சாகாத நிலமா? ஒரு மலாய்ச் சொல்லும் நம் ஏரிக்கரைச் சொற்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் நிறுத்திவிட்டு ராத்திரி வந்து படித்தாலும் சரிதான், வருகைப் பதிவேடு எடுக்கமாட்டேன்.

பினாங்கில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை அனுப்பி, "சார், இது உண்மையா?" என்று கேட்டிருந்தார். மலாய் மொழியில் தண்ணீர் பாய்ச்சி நெல் விளைவிக்கும் வயலுக்கு ‘சாவா’ என்று பெயர். தமிழில் ‘சாவா’ என்றால் சாகாத என்று பொருள். தண்ணீர் வற்றாத நிலம் சாகாத நிலம். ஆகவே ராஜேந்திர சோழன் கடாரம் போனபோது நம் உழவர்கள் கொண்டுபோய்க் கொடுத்த சொல் இது. செய்தியின் சாரம் இவ்வளவுதான். கடைசியில் "தமிழனாய் இருந்தால் பகிர்" என்ற கட்டளையும் இருந்தது.

அவருக்கு நான் எழுதிய பதில் ஒரே வார்த்தை: இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதைச் சொல்லப் போனால் ஜாவா, கடாரம், ஆவடி, அம்பத்தூர் ஏரி எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வரவேண்டியிருக்கிறது.

முதலில் ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். நெற்பயிர் கதிர் பிடிக்காமல் காய்ந்து பதராகிப் போனால் நம் பக்கத்து உழவர்கள் "பயிர் சாவியாப் போச்சு" என்பார்கள். ‘சாவா’ என்ற ஒலிக்கு ‘சாவி’ இன்னும் நெருக்கம். அப்படியானால் மலாய்க்காரர்கள் தங்கள் விளைநிலத்துக்குப் பதர் என்று பெயர் வைத்தார்கள் என்றும் சொல்லலாம் அல்லவா? சாகாதது என்பதற்கும் செத்துப்போனது என்பதற்கும் ஒரே சொல்லை ஆதாரமாகக் காட்ட முடிகிறது என்றால், அந்த முறையே ஆதாரத்துக்கு ஆகாது.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதும் அல்ல. ஆவடி என்ற பெயர், ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ்’ என்று தொடங்கும் நீளமான ராணுவப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வந்தது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்! கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் வந்தது. அங்கே செய்த முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். ஆனால் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியிலேயே ‘ஆவடி’யில்தான் நடந்தது. தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது. தேதியை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே கதை கலைந்துவிடுகிறது.

ஆவடியைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஏரிகளை ஆங்கிலேயர் தங்கள் கணக்குகளில் ‘டேங்க்’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லில் குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லும் போர்ச்சுக்கீசியரின் ‘தாங்க்கே’யும் கலந்திருக்கின்றன என்பார்கள். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் இரும்புக் கவசம் போட்ட சண்டை வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். என்ன செய்கிறார்கள் என்பது வெளியே தெரியாமல் இருக்க, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி ‘டேங்க்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் புனைபெயரே நிலைத்துவிட்டது. இன்று ஆவடியில் ஒரு பக்கம் பருத்திப்பட்டு ஏரி, இன்னொரு பக்கம் டாங்கி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். சொற்கள் உண்மையிலேயே ஊர் சுற்றுகின்றன. எந்த வழியாகச் சுற்றின என்பதைத்தான் நாம் நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? வகுப்பில் சொன்னது நினைவிருக்கும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பல், ஹல்லு. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் எனலாம். நம் ‘ப’ வரும் இடத்தில் வரிசையாக அங்கே ‘ஹ’ வருகிறது. இந்த ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இலேயே இந்த வழியில் போனவர். கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரை எழுதும்போது, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, இவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். கால்டுவெல்லின் நூல் வந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856இல். எல்லிஸ் நம் தொண்டைமண்டலத்து நிலவுரிமையைப் பற்றியும் எழுதியவர். 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டியவர். சொல்லையும் நிலத்தையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்த மனிதர்.

அதே முறையில் ‘சாவா’வை எடுத்துக்கொள்வோம். ஜாவா மொழியிலும் சுண்டா மொழியிலும் அது சாவா. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமும் சாவா. அதே சுமத்ராவில் பாத்தாக் மக்கள் ‘சாபா’ என்கிறார்கள். ‘ப’வும் ‘வ’வும் இடம் மாறுவது நமக்குத் தெரிந்த விஷயம்தான். இப்படி உறவுமொழிகளில் ஒழுங்காகப் பரவிக் கிடக்கும் சொல் அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்று அதற்குப் பெயர். தைவானின் பழங்குடி மொழிகள், பிலிப்பைன்ஸ், மலாய், ஜாவா தொடங்கி மேற்கே மடகாஸ்கர் வரை பரந்தது. காலத்தையும் பாருங்கள். ஜாவாவின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் சாவா என்ற சொல் நிலதானம் பேசும் இடங்களில் வருகிறது. ராஜேந்திரன் கடாரம் போனது 1025இல். கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொல்லும் கப்பல் புறப்படுவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்பே சொல் அங்கே இருந்தது.

நெல்லுக்கு மலாய்ச் சொல் ‘பாடி’. ஆங்கிலத்தின் ‘பேடி’ இதிலிருந்து வந்ததுதான். நம் ‘படி’யால் நெல்லை அளந்தோம், அதுதான் பாடி ஆனது என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மலாயில் பாடி, பிலிப்பைன்ஸின் தகலாகில் பலாய், ஜாவாவில் பாரி, தைவானின் பைவான் மக்களிடம் படாய். பலாய், பாரி என்று ல-வும் ர-வும் மாறுவது இந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை. ‘எத்தனை’ என்பதற்குப் பிலிப்பைன்ஸின் செபுவானோவில் பிலா, ஜாவாவில் பிரா. பால்–ஹாலு போன்ற அதே ஒழுங்கு. நம் படிக்கு இங்கே வேலை இல்லை.

ஒன்று மட்டும் நமக்கும் அவர்களுக்கும் பொது. ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் ‘ரைஸ்’, மூட்டையில் இருப்பதும் ரைஸ், தட்டில் விழுவதும் ரைஸ். நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று. மலாய்க்காரர்களுக்கும் மூன்று: பாடி, பெராஸ், நாசி. நாம் நன்செய், புன்செய் என்று பிரித்தோம். அவர்கள் தண்ணீர் நிற்கும் நிலத்தைச் சாவா என்றும், வானம் பார்த்த மேட்டு நிலத்தை லாடாங் என்றும் பிரித்தார்கள். நம் பழைய கடாரமான கெடா மாநிலத்தில் வயலைப் பெரும்பாலும் ‘பெண்டாங்’ என்பார்கள். சாவா என்ற பெயர், மினாங்கபாவ் மக்கள் போய்க் குடியேறிய நெகிரி செம்பிலான் பக்கத்தில் அதிகம். நெல்லோடு பல தலைமுறை வாழ்ந்தவர்களிடம்தான் இத்தனை சொல் சேரும். அதை இன்னொருவர் வந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் நம் சொற்கள் அங்கே போகவே இல்லையா? தாராளமாகப் போயின. கப்பல் அங்கே காப்பால். கடை கெடாய். முதல் மோடால். பெட்டி பெத்தி. கட்டில் காத்தில். மீசை மீசாய். மாங்காய் மாங்கா. விலங்கு பெலெங்கு. கழுதைகூடக் கெல்டாய் என்று கடல் தாண்டியிருக்கிறது! இந்தப் பட்டியலை இன்னொரு தடவை மெதுவாகப் படியுங்கள். கப்பல், கடை, முதல், பெட்டி. இது உழவன் கொண்டுபோன மூட்டை இல்லை, வியாபாரி கொண்டுபோன மூட்டை. துறைமுகத்தில் இறங்கி, கடை போட்டு, முதல் போட்டு, பெட்டியில் காசு சேர்த்தவனின் சொற்கள். வயலுக்குள் அவன் காலே வைக்கவில்லை. சுமத்ராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினுடையதுதான்.

எந்தச் சொல் போனது என்பது ஒரு வரலாறு. எந்தச் சொல் போகவில்லை என்பதும் வரலாறு. ‘சாவா’ தமிழ் இல்லை என்று சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. நம் ஆட்கள் அங்கே என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் அழகான சாட்சிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஜகார்த்தா அருகே கிடைத்த துகுக் கல்வெட்டு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பூர்ணவர்மன் என்ற அரசன் கோமதி என்ற கால்வாயை 21 நாளில் வெட்டி முடித்து, பிராமணர்களுக்கு 1,000 பசுக்களைத் தானம் செய்தான் என்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து நம் பல்லவர் எழுத்தின் சாயல். கால்வாயின் பெயரும் இங்கிருந்து போனதே. ஆனால் அந்த நாட்டு மக்கள் தங்கள் வயலைச் சாவா என்றே சொல்லி வந்தார்கள். அரசன் பெயரை மாற்றிக்கொண்டான், சேற்றில் நின்றவன் மாற்றவில்லை.

இரண்டாவது, இன்று தாய்லாந்தில் இருக்கும் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அங்கே தமிழர்கள் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். அதற்கு ‘அவனிநாரணம்’ என்று பெயர். காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர் அது. குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவினரிடம் விடப்பட்டது. கடல் கடந்து போன தொண்டைநாட்டுத் தொடர்பு, ஒரு குளத்தின் பெயராக அங்கே நின்றது. மலாயில் இன்றும் குளத்துக்குக் ‘கோலாம்’ என்றுதான் பெயர். அது நம் குளம்தான். நாம் வெட்டிக் கொடுத்ததற்கு நம் பெயர். அவர்கள் உழுததற்கு அவர்கள் பெயர். சொற்கள் எவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைத்திருக்கின்றன, பார்த்தீர்களா?

தண்ணீரைப் பங்கிடும் அறிவு எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. பாலித்தீவில் ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் உழவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புக்குச் ‘சுபாக்’ என்று பெயர். 11ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள எழுத்துகளில் அது பதிவாகியிருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ‘ஏரி வாரியம்’ வருகிறது. குடவோலை எழுதிப் போட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுபாக் நம்மிடமிருந்து போகவில்லை, ஏரி வாரியம் அங்கிருந்து வரவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு ஒரு நியாயம் வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே தேவை.

இப்போது கேள்வியை நம் பக்கம் திருப்புகிறேன். நம் நிலச் சொற்களில் எது சொந்தம், எது வந்தது? மராமத்து அரபியிலிருந்து வந்தது. குடிமராமத்து என்பது பாதி தமிழ், பாதி அரபு. மிராசு, பசலி, ஜமாபந்தி, தாலுகா எல்லாம் நவாபு காலத்துக் கச்சேரிகள் வழியாக வந்து உட்கார்ந்தவை. ஆனால் வயல், கழனி, நன்செய், வரப்பு, மடை, மதகு, கலங்கல், நாற்றங்கால், களம் இவையெல்லாம் தமிழ். அங்கே நடந்ததேதான் இங்கேயும். வரி வசூலித்தவன் தன் சொல்லைக் காகிதத்தில் எழுதினான். நாற்று நட்டவள் தன் சொல்லை மாற்றவில்லை. எத்தனை ஆட்சி மாறினாலும் சேற்றுச் சொல் மாறவில்லை.

மாறாத அந்தச் சொற்கள் நம் காலத்தில்தான், ஒரே தலைமுறையில், நம் பகுதியில் காணாமல் போகின்றன. எந்த அரசனும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வயல் போனது, வயலோடு சொல்லும் போனது.

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம். இவை எல்லாம் பாசனத்துக்காக இருந்த ஏரிகள். செம்பரம்பாக்கம் 24 அடி உயரத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும். நம் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் போட்ட நிலங்கள் இருந்தன. அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது, 1964இல் தொழிற்பேட்டை வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் பலருடைய அப்பாக்கள் அந்தக் கேட்டுக்குள் ஷிப்ட் போய்த்தான் உங்களைப் படிக்கவைத்தார்கள். நான் சொல்வது வேறு. ஏரியில் மதகு என்றால் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழி. கலங்கல் என்றால் ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் இடம். உள்வாய் என்றால் நீர் பரவி நிற்கும் ஏரியின் உட்பகுதி. தாங்கல் என்றால் வழிந்து வரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சின்ன ஏரி. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்குப் போகும், கொரட்டூர் நிறைந்தால் மாதவரம் இரட்டை ஏரிக்கு. இந்த வழியைத் தண்ணீர் மறக்கவில்லை. நாம்தான் மறந்தோம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அது வழி தவறி வரவில்லை, பழைய வழியில் வந்தது. உள்வாய் என்ற சொல்லின் பொருள் தெரிந்தவர் உள்வாயில் மனை வாங்கமாட்டார். சொல் தெரியாதவருக்கு அது "மெயின் ரோட்டுக்குப் பக்கம், நல்ல பிளாட்". வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கி, கட்டிலைச் செங்கல் மேல் தூக்கிவைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்த குடும்பங்கள் நம்மிலேயே இருக்கின்றன. ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் போனதற்கு இவ்வளவு பெரிய விலை.

ஆகவே பிள்ளைகளே, இந்த மாதம் எனக்காக மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டுப் பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நிலம் நன்செய்யா, புன்செய்யா, நத்தமா? நான்கெல்லையில் எந்த வாய்க்கால், எந்த ஏரி, எந்தத் தாங்கல் சொல்லப்பட்டிருக்கிறது? அந்த வாய்க்கால் இன்று எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். புதிதாக மனை வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

இரண்டு, வீட்டில் 70 வயதைத் தாண்டிய பெரியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அண்டை வெட்டுவது என்றால் என்ன, பரம்படிப்பது என்றால் என்ன, மடையை யார் திறப்பார்கள், முறை வைத்து எப்படித் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று. செல்போனில் பதிவு செய்யுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த வயதில் இருப்பவர்களிடம் நாளை என்பது கொஞ்சம்தான் இருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று, உலகத்தில் உள்ள சொல்லெல்லாம் தமிழ் என்று எதாவது செய்தி வந்தால், உடனே பகிராமல் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சொல் அங்கே முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது? அதன் அக்கம்பக்கத்து மொழிகளில் அது எப்படி இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத செய்தி சாவிதான். தூற்றினால் காற்றில் போய்விடும்.

மலாய்க்காரரின் சாவாவை அவர்களிடமே விட்டுவிடுவோம். கெடாவில் இன்றைக்கும் பெண்டாங்கில் நெல் விளைகிறது, அந்தச் சொல்லுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நமக்கு நம் கழனியும் கலங்கலும் போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன சொற்களைக் கீழே எழுதுங்கள், எந்த ஊர் என்பதையும் சேர்த்து. ஒவ்வொன்றையும் படிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், பழக்கம் விடவில்லை.